நாத்தனார் முகத்துக்கு ஐந்து சாம்பிள்

1

முந்தாநாள் காலை வேலைக்குக் கிளம்பி சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது போடியிலிருந்து அண்ணன் ஒரு படம் அனுப்பினார். அவர் மகன் சரவணனின் கல்யாணப் படம். கூடவே ஒரு குரல் பதிவு.

"டேய் தம்பி, இன்னையோட வருசம் ஒண்ணு ஆச்சுடா. நம்ம ஆத்தா நிக்கிற நிப்பைப் பாரு!"

படத்தில் மாப்பிள்ளை இருக்கிறான், பெண் இருக்கிறாள். அண்ணன் பார்க்கச் சொன்ன ஆத்தா அவர்களுக்குப் பின்னால் நிற்கிறாள். என் மகள் ஓவியா. அப்போது பதினைந்து வயது. கையில் விளக்கு. மேலே வீடியோக்காரரின் பெரிய லைட்டு. வெளியே போடியின் வைகாசி வெயில். முகத்தில் பவுடர் இல்லை, மாஸ்க் இல்லை, முன்னால் இழுத்துவிட்ட முடி இல்லை. நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

இந்த ஒரு படத்துக்குப் பின்னால் நாங்கள் பட்ட பாடு ஊரில் யாருக்கும் முழுசாகத் தெரியாது. வெயில் காலத்துக்கு முகத்தில் தடவுகிற ஒரு லேசான மாய்ஸ்சரைசரைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு மூன்று மாதம், இரண்டு நாடு, ஒரு ஏலக்காய்க் கிட்டங்கி நிறையப் பெண்கள் தேவைப்பட்டார்கள். ஆனால் ஜெயித்தோம். அதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. பெருமையாகவே சொல்கிறேன்.

2

இங்கே வருவதற்கு முன் நான் போடியில் அண்ணனுடைய கிட்டங்கியில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது நெதர்லாந்தில், ஒரு துறைமுக நகரத்தில், கப்பலில் வந்திறங்கும் மசாலாச் சரக்கைச் சாம்பிள் எடுத்துப் பார்ப்பது என் சோலி. மிளகோ பட்டையோ, மூட்டையைப் பார்த்து நான் வாய் திறப்பதில்லை. சாம்பிளைப் பார்த்த பிறகுதான் பேச்சு. மனைவி செல்வி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். ஓவியா இங்கேயே பிறந்தவள். வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் டச்சு என்று இருந்தவள் வயது ஏற ஏற வீட்டுக்குள்ளும் டச்சில் பதில் சொல்ல ஆரம்பித்தாள். பிறகு பதில் சொல்வதையே குறைத்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டு ஆண்களுக்கு நெற்றியும் மூக்கும் எந்நேரமும் மினுமினுக்கும். பள்ளிக்கூடத்தில் எனக்கு 'எண்ணெய்ச் சட்டி' என்று பெயர். நான் இரண்டு பேரை அடித்தேன், அதோடு அந்தப் பேச்சு ஒழிந்தது. அந்த நெற்றியும் மூக்கும் ஓவியாவுக்கு அப்படியே வந்தன. கன்னம் மட்டும் அவள் அம்மாவுடையது, தொட்டால் வறவறவென்று இருக்கும். ஒரே முகத்தில் இரண்டு தோல். அவள் யாரையும் அடிக்கிற பிள்ளையும் இல்லை.

கல்யாணத்துக்குப் போக அவளுக்கு வெளிநாட்டு இந்தியர் அட்டை எடுக்க வேண்டியிருந்தது. இணையத்தில் படத்தை ஏற்றினோம். 'முகத்தில் ஒளி பிரதிபலிக்கிறது' என்று திரும்பி வந்தது. முகத்தைத் துடைத்து, ஜன்னலை மூடி, மறுபடி எடுத்தோம். அதே பதில். மூன்றாவது முறை போட்டோக் கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர்தான். காகிதக் கைக்குட்டையை நீட்டி, "நெற்றி, மூக்கு, நெற்றி" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். எங்களுக்குப் பின்னால் ஓவியாவின் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் நின்றிருந்ததை நான் வெளியே வந்த பிறகுதான் பார்த்தேன். அந்தப் படமும் திரும்பி வந்தது.

அன்றிலிருந்து மாஸ்க். வீட்டுக்கு யாராவது வந்தால் அறைக்குள் போய்விடுவாள். அண்ணன் வீடியோவில் கூப்பிட்டால் போனை மேலே திருப்பி வைத்துவிட்டுப் பேசுவாள். அவள் பெரியப்பா எங்கள் வீட்டுக் கூரையைத்தான் பல மாதம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

இப்போது அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குச் சரவணன் ஒரே பிள்ளை, பெண் கிடையாது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கட்டி முதல் முடிச்சைப் போட்டதும், பின்னால் விளக்கோடு நிற்கும் அவன் தங்கச்சி மற்ற முடிச்சுகளைப் போடுவாள். அவள்தான் பெண்ணுக்கு நாத்தனார். கூடப் பிறந்தவள் இல்லையென்றால் சித்தப்பன் மகள். ஓவியா பிறந்த அன்று போனில் அண்ணன் சொன்ன முதல் வார்த்தையே, "ஏன்டா, என் மகனுக்கு முடிச்சுப் போட ஆள் வந்திருச்சுல்ல!" என்பதுதான். பதினைந்து வருடமாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் வரலைப்பா. அங்க எல்லாரும் என்னைத்தான் பார்ப்பாங்க" என்றாள் ஓவியா.

"பார்க்கத்தானே ஆத்தா கூப்பிடுறாங்க" என்றேன். முட்டாள்தனமான பதில். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அண்ணன் புது வீடு கட்டிக் குடிபோனபோது நான் போகவில்லை. அவருக்கு நெஞ்சு வலி வந்து மதுரையில் படுத்திருந்தபோதும் போகவில்லை. ஒரு தடவை லீவு இல்லை, ஒரு தடவை இங்கே குடியுரிமைத் தாள்கள் நடுவழியில் நின்றன. இந்தக் கல்யாணத்திலும் எங்கள் இடம் காலியாக இருந்தால் அண்ணன் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

3

முகத்தில் எண்ணெய் வழிந்தால் போடிக்காரன் என்ன செய்வான்? சோப்புப் போட்டுக் கழுவுவான். மறுபடி வழிந்தால் மறுபடி கழுவுவான். அதற்கு மேல் பவுடர். எண்ணெய் முகத்தில் போய்க் கிரீம் தடவுவதா? சரியான பைத்தியக்காரத்தனம் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் கடலை மாவும் பயத்தமாவும் கொடுத்தனுப்பச் சொன்னேன். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை கழுவல். நானே பக்கத்தில் நின்று மேற்பார்வை. இரண்டு வாரத்தில் நெற்றி முன்னைவிட அதிகமாக வழிந்தது, கன்னம் உரிந்து செதில் செதிலாக நின்றது. நான் விடவில்லை. இன்னும் காரமான சோப்பாக வாங்கலாம் என்று அவளையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

டச்சில் எனக்குக் கணக்கு வழக்குப் பேச வரும், கப்பல் தாள் எழுத வரும். தோலைப் பற்றிப் பேச வராது. 'எண்ணெய் வடியும் முகம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில், எங்கள் அடுக்ககத்தின் குப்பைத் தொட்டியில் ஒட்டியிருக்கிற சொல்தான் வாயில் வந்தது. அது பொரித்து மிஞ்சிய பழைய கொழுப்புக்கான சொல். "என் மகளின் முகத்தில் பொரித்த கொழுப்பு இருக்கிறது" என்று கடைக்காரப் பெண்ணிடம் முழங்கினேன். அவள் பதறிப் போய், "சுட்டுவிட்டதா?" என்று கேட்டாள். விளங்கியதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஓவியாவின் கன்னத்தைப் பார்த்து, ஒரு சின்ன மாய்ஸ்சரைசர் பாக்கெட்டை இலவசமாக நீட்டினாள். எண்ணெய் முகம் என்கிறேன், கிரீம் தருகிறாளே என்று எனக்குக் கோபம். பாக்கெட்டை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். ஓவியா எனக்கு முன்பே வெளியேறி சைக்கிள் நிறுத்தத்தில் நின்றிருந்தாள்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அண்ணன் பேசினார். குரங்கணிக்கு மேலே எங்கள் ஏலக்காட்டில் கடைசி எடுப்புக் காய் ஸ்டோரில் கிடந்தது. காய் உலர்த்துகிற அடுப்பு அறையைத்தான் ஸ்டோர் என்போம். கல்யாணப் பத்திரிகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று போனைக் காதில் வைத்தபடியே யாரையோ சத்தம் போட்டார்.

"ஏம்ப்பா, வெரசா காயணும்னு வெறகை அள்ளிப் போட்டா எப்படி? மேல்தோலு வெடிச்சுப் போகும், உள்ள ஈரம் அப்படியே கெடக்கும். எத்தனை தடவை சொல்றது? தீயைக் கொறைய்யா!"

அதே நேரம் ஓவியா குளியலறையிலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கன்னத்தில் தோல் வெடித்திருந்தது. நெற்றியில் அதற்குள் ஈரம் மினுங்கியது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே தப்புக்கு நானே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! ஏலக்காய்த் தோலுக்குத் தெரிந்த நியாயம் மகள் தோலுக்குத் தெரியாமல் போய்விட்டதே. "அண்ணே, அப்புறம் பேசுறேன்" என்று போனை வைத்தேன்.

"ஆத்தா, அப்பா தப்புப் பண்ணிட்டேன். இனிமே சோப்பு வேணாம். உன் தோலை நான் காய வச்சுக் கெடுத்துட்டேன்."

அவள் துண்டை இறக்கி என்னைப் பார்த்தாள். "நான் அதைத்தான் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். தோலுக்குத் தண்ணி இல்லன்னா அது இன்னும் எண்ணெய் விடும். நீங்க கேக்கல."

உண்மைதான். சொல்லியிருக்கிறாள், டச்சில். நான் பாதி விளங்கி, மீதியை விளங்கிக்கொள்ள மெனக்கெடாமல், தலையாட்டியிருக்கிறேன்.

4

அவள் போனில் ஒரு பட்டியலே வைத்திருந்தாள். எண்ணெய் சேர்க்காதது, தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது, மயிர்த்துளையை அடைக்காதது, வாசனை போடாதது. கிளிசரின் இருந்தால் நல்லது, ஹயலுரானிக் அமிலம் இருந்தால் நல்லது, இரண்டும் தோலில் தண்ணீரைப் பிடித்து வைக்குமாம். நியாசினமைடு எண்ணெய் வழிவதைக் கொஞ்சம் குறைக்குமாம். தேங்காய் எண்ணெய் இருந்தால் அவள் முகத்துக்கு ஆகாது. இதைக் கேட்டு எனக்கு மனசு கொஞ்சம் வலித்தது.

"சரி, இதுல எது நல்லது?" என்றேன்.

"அது தெரியல. ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க."

"அப்ப சாம்பிள் எடுப்போம்."

அவள் புரியாமல் பார்த்தாள். என் வாழ்நாளில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே விஷயம் இதுதான் என்பதால் உற்சாகமாகச் சொன்னேன். மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக் கூடாது. ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு லாட்டு நம்பர். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பார்த்ததும் முடிவு சொல்லக் கூடாது, கொஞ்சம் கிடக்க விட வேண்டும்.

வெட்கத்தை விட்டு அதே கடைக்குப் போனேன். அந்தப் பெண் என்னைப் பார்த்ததுமே சிரித்தாள். ஐந்து சின்னப் பாக்கெட்டுகளோடு வந்தேன். பேர் தெரியாமல் வெள்ளைத் தாள் சுற்றி, ஒன்று முதல் ஐந்து வரை நம்பர் போட்டேன். முதலில் காதுக்குக் கீழே, தாடை ஓரத்தில் ஒரு பொட்டு. இரண்டு நாள் அரிப்போ சிவப்போ இல்லையென்றால் முகத்துக்கு ஏற்றம். கழுவிய ஈரம் முழுசாகக் காயுமுன் ஒரு பட்டாணி அளவு, கன்னத்தில் தாராளமாக, நெற்றியில் பெயருக்கு. மதியம் மெல்லிய தாளை நெற்றியில் ஒற்றி ஜன்னலில் பிடித்துப் பார்ப்பது. தாள் எவ்வளவு கண்ணாடியாகிறது என்பதுதான் கணக்கு. ஓவியா கணினியில் ஒரு அட்டவணை போட்டாள்: பளபளப்பு, ஒட்டல், இழுப்பு, வாசனை. தலைப்புகளைத் தமிழிலேயே எழுதினாள். 'இழுப்பு' என்ற சொல்லை அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்தேன், தோல் காய்ந்து இழுப்பதற்கு டச்சுச் சொல்லை அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

ஒன்றாம் நம்பர் இரண்டாம் நாளே அரித்தது. இரண்டு, களிமண். நான்கைத் திறந்தால் அத்தர்க் கடை. ஐந்து பார்க்கவே வேடிக்கையாக, தண்ணீர் கட்டியான மாதிரி ஒரு ஜெல். போட்ட மறுநிமிடம் காணாமல் போனது. ஆனால் இங்கே பங்குனியிலும் குளிர்காற்று அடிக்கும், வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், அதனால் கன்னம் இழுத்தது. மூன்று, பால் போல. அதுதான் ஜெயித்தது. ஒரு மாதத்தில் செதில் நின்றது, நெற்றி வழிவதும் பாதியாகக் குறைந்தது. நான்காவது முறை ஏற்றிய படம் திரும்பி வரவில்லை. அன்று நான் வீட்டுக்குள் ஒரு சுற்று ஆடினேன். செல்வி சாட்சி.

பள்ளி நடக்கிற காலத்தில் பிள்ளையை வெளியூர் கூட்டிப் போக இங்கே அனுமதி வாங்க வேண்டும். அலுவலகத்தில் இருந்தவர் தாளைப் பார்த்து, "மணமகன் இவளுடைய கூடப் பிறந்தவரா?" என்று கேட்டார்.

"அண்ணன்" என்றேன்.

"அதே அப்பா அம்மாவா?"

"என் அண்ணன் மகன். எங்களுக்கு அதுவும் அண்ணன்தான்."

"எங்களுக்கு இல்லை" என்றார், மரியாதையாகவே. 'உடன்பிறந்தவர் அல்ல' என்று எழுதிக்கொண்டு, கேட்டதில் பாதி நாளைத் தந்தார். ஓவியா பக்கத்தில் மாஸ்க்கோடு உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அனுமதியே கிடைக்காவிட்டால் அவளுக்கு நிம்மதி என்று தோன்றியது. வெளியே வந்ததும், "வர்றேன். ஆனா மேடையில நிப்பேனான்னு அங்க போய்ப் பார்க்கலாம்" என்றாள்.

5

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் போடியில் இறங்கினோம். மலை பக்கத்திலேயே நின்றாலும் வைகாசியில் அதன் குளிர்ச்சி கீழே ஒரு துளி வராது. மறுநாள் காலை மூன்றாம் நம்பரைப் போட்டுக்கொண்டு வந்தாள். காலைப் பலகாரம் முடிவதற்குள் வழிய ஆரம்பித்துவிட்டது. வேர்வையும் கிரீமும் குழைந்து முகம் பூராவும் பிசுபிசுப்பு. நெதர்லாந்துக் குளிருக்கு இதமாக இருந்த பால், இங்கே மேலே ஒரு போர்வையாக உட்கார்ந்துகொண்டது.

மதினி நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்: "சோப்புப் போட்டு நல்லாக் கழுவிட்டுப் பவுடரை அடி ஆத்தா, சரியாப் போகும்."

ஓவியா மாஸ்க்கை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். செல்வி கூப்பிட்டாள், வரவில்லை. அண்ணன் கீழே நின்று, "ஆத்தா, எளநி கொண்டாரச் சொல்லவா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாக, "பிள்ளைக்கு இஷ்டம் இல்லைன்னா வற்புறுத்தாதடா. வேற பிள்ளையை நிப்பாட்டிக்கலாம்" என்றார். சொல்லும்போது துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் வீட்டுக்குக் கீழேதான் கிட்டங்கி. மிச்சமிருந்த சரக்கை ஆறேழு பெண்கள் முறத்தில் பரப்பிப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பச்சை குறைந்தது, வெடித்தது, பொட்டு விழுந்தது என்று பார்வையிலேயே ஒதுக்குகிறவர்கள். நான் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன், போக வேறு இடம் தெரியாமல். கொஞ்ச நேரத்தில் படியில் காலடி கேட்டது. ஓவியா. மாஸ்க்குக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது. கையில் இரண்டு பாக்கெட்.

"அப்பா, அஞ்சு நம்பர் மீதி இருக்கு. அங்க தோத்தது இங்க ஜெயிக்கலாம். இங்க காத்துல ஈரம் வேற, சூடு வேற. பாதி மூஞ்சியில மூணு, பாதியில அஞ்சு போட்டுட்டு வந்திருக்கேன். மேல கண்ணாடிகிட்ட வெளிச்சம் இல்ல."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். குஜராத்துக்குப் போகிற காய் வேறு, அரபு நாட்டுக்குப் போகிற காய் வேறு என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். இருந்தும் ஒரு ஊர்ச் சாம்பிளை வைத்து இன்னொரு ஊருக்கு முடிவு சொல்லியிருக்கிறேன்.

மூத்தவரான பொன்னுத்தாய் அக்கா நிமிர்ந்து பார்த்தார். "என்னத்தா, மூஞ்சிய மூடிக்கிட்டுத் திரியிற? காய்ச்சலா?"

"இல்லைங்க. முகம் நல்லா இல்ல."

"அதை நாங்கள்ல சொல்லணும்? கழட்டு, பாப்போம்."

ஓவியா என்னைப் பார்த்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. அந்த மூன்று மாதத்தில் நான் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. அவள் கழற்றினாள்.

"அக்கா, ரெண்டு சாம்பிள். இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. எது எதுன்னு சொல்ல மாட்டேன்" என்றேன்.

எல்லாரும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நெருங்கி வந்தார்கள். வேலை என்று வந்துவிட்டால் அவர்கள் அப்படித்தான். பொன்னுத்தாய் அக்கா கையை முந்தானையில் துடைத்து, ஓவியாவின் தாடையைப் பிடித்து, உள்ளங்கையில் காயைத் திருப்புவதுபோல் வடக்கு ஜன்னல் பக்கம் திருப்பினார். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

"எடது பக்கம் ஆகாது. மினுக்கு வரட்டும்னு எண்ணெ தடவுன காயி மாதிரி இருக்கு. வலது பக்கம் தெளிவு."

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்திலிருந்து வந்து இங்கே வாழ்க்கைப்பட்ட சாந்தம்மா எட்டிப் பார்த்தார். "வலது கொள்ளாம், நல்லாருக்கு. ஆனா இப்பத்தானே போட்டுச்சு? கொறச்சு நேரம் இருக்கட்டும். பேனை நிறுத்து."

பேன் நின்றது. சரியான சாம்பிள்காரி! அரைமணி நேரம் அந்த வெக்கையில் ஓவியா அவர்கள் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சும்மா இருக்காமல் ஒரு முறத்தை இழுத்து அவளும் காய் பொறுக்கினாள். வெடித்த காயை நல்லதில் போட்டபோது பொன்னுத்தாய் அக்கா கையில் தட்டினார். பக்கத்தில் ஒரு பெண், உங்க ஊரில் பனி பெய்யுமா, அங்கே ஆம்பளைகள் பாத்திரம் கழுவுவார்களாமே என்றெல்லாம் கேட்டாள். ஓவியா தமிழில் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல் தெரியாத இடத்தில் கையை ஆட்டினாள். அவ்வளவு பேச்சை நான் அவளிடம் கேட்டு இரண்டு வருடம் இருக்கும்.

அரைமணி கழித்து நெற்றியின் இரண்டு பக்கமும் தாளை ஒற்றினோம். இடது தாள் கண்ணாடி. வலது தாளில் வேர்வை ஈரம் மட்டும், அதுவும் காற்றாட விட்டதும் காய்ந்துபோனது. பொன்னுத்தாய் அக்கா கன்னத்தைத் தொட்டார்.

"ஒட்டல. இழுக்கவும் இல்ல. இதான் நயம்."

"இந்தப் பரு எல்லாம்?" என்று ஓவியா கேட்டாள். அவள் கேட்க நினைத்த கேள்வியே அதுதான் போலும்.

"எது, இந்த நாலு பொட்டா? நாங்க காலம்பூரா பாக்குறோம். காயி நயமான காயி. பொட்டைப் பாத்து எவளும் கீழ போட மாட்டா. நீ வெளக்கைப் பிடிச்சு நில்லு, யாரு என்ன சொல்றான்னு நாங்க முன்வரிசையில உக்காந்து பாத்துக்கிறோம்."

ஓவியா சிரித்தாள். பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பு. மாடி ஏறும்போது மாஸ்க் எங்கே என்று கேட்டேன். கிட்டங்கி மூலையில் கழிவுக் கூடையைக் காட்டினாள். வெடித்த காய்களுக்கு மேல் கிடந்தது.

6

கல்யாணத்தன்று காலை அவள் ஐந்தாம் நம்பரைப் பட்டாணி அளவு போட்டாள், ஊறியதும் வெயிலுக்கான லேசான ஜெல்லை அதன் மேல் போட்டாள், அவ்வளவுதான். வீடியோக்காரர் லைட்டைத் திருப்பிக்கொண்டே, "பாப்பா, லேசா பவுடர் ஒத்திக்கிறியா? லைட்டு அடிக்கும்" என்றார்.

"வேணாம்ணே. பிரதிபலிக்காது" என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும் செல்விக்கும் மட்டும்தான் விளங்கியது.

கெட்டி மேளம் கேட்டது. சரவணன் முதல் முடிச்சைப் போட்டான். ஓவியா விளக்கைச் செல்வியின் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். இரண்டாவது முடிச்சு, மூன்றாவது முடிச்சு. ஊரே அவளைத்தான் பார்த்தது. அவளும் நிமிர்ந்து ஊரைப் பார்த்தாள். முன்வரிசையில் பொன்னுத்தாய் அக்கா பக்கத்திலிருந்த சாந்தம்மாவின் தொடையில் ஓங்கித் தட்டினார். அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். எனக்கு ஒளிக்க எதுவும் இல்லை.

ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். அன்று எடுத்த எல்லாப் படத்திலும் என் முகம் மட்டும்தான் பளபளக்கிறது. அவசரத்தில் நான் சோப்புப் போட்டுக் கழுவிப் பவுடர் அடித்துக்கொண்டு போயிருந்தேன்.

7

இப்போது என் அலமாரியிலும் ஒரு ஐந்தாம் நம்பர் இருக்கிறது, வெயில் காலத்துக்கு. குளிர் காலத்துக்கு மூன்று. ஓவியா நம்பர் ஒட்டி வைத்திருக்கிறாள்.

சரவணனுக்குப் பெண் குழந்தை பிறந்து இன்றோடு பன்னிரண்டு நாள். அடுத்த மாதம் பெயர் வைக்கிறார்கள். குழந்தையின் காதில் அத்தைதான் பெயர் சொல்ல வேண்டும். பதினாறு வயதில் அத்தையாகிவிட்ட மிதப்பில் ஒருத்தி வீட்டுக்குள் நடமாடுகிறாள். பள்ளிக்கான அனுமதித் தாளை இந்த முறை என்னைத் தொட விடவில்லை. அவளே நிரப்பினாள், அவளே அனுப்பினாள். நேற்று மதியம் அந்த அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். அதே மனிதர், அதே மரியாதை.

"குழந்தை உங்களுக்கு என்ன உறவு?"

"அண்ணன் மகள்."

"அவர் உங்கள் உடன்பிறந்தவர் அல்ல என்று போன வருடக் குறிப்பு இருக்கிறதே."

"அந்தக் குறிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள்" என்றாள் ஓவியா, அழுத்தமான டச்சில். "அவருடைய கல்யாணத்தில் தாலிக்கு முடிச்சுப் போட்டவள் நான். எங்கள் ஊரில் அதைத் தங்கச்சிதான் போடுவாள். வேண்டுமானால் படம் அனுப்புகிறேன், என் முகம் நன்றாகத் தெரியும்."

முந்தாநாள் அண்ணன் அனுப்பிய அதே படத்தைத்தான் அவள் தாளோடு ஏற்றினாள். மேலே லைட்டு, கையில் விளக்கு, முகம் முழுக்க வெளிச்சம்.

இன்று காலை பதில் வந்தது. கேட்ட நாள் முழுவதும் கொடுத்திருக்கிறார்கள். குழந்தையின் அப்பாவுக்கு என்ன உறவு என்ற இடத்தில் 'சகோதரி' என்று இருக்கிறது. படம் திரும்பி வரவில்லை.